சித்தி ஓடிய கார்

பெரியப்பா கனடாவிலிருந்து வந்த அன்று அவருடைய காரால் எங்கள் வளவுக்குள் நுழைய முடியவில்லை. மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்கப் படலையடியில் அப்பா கட்டியிருந்த மண்வரம்பு காரின் வயிற்றில் முட்டியது. கொழும்பில் வாடகைக்கு எடுத்த கார். நீல நிறம், முழங்கால் உயரத்தில் முகம், பின்பக்கம் ஒரு தகட்டுச் சிறகு. அப்பா மண்வெட்டியால் வரம்பை வெட்டிச் சமப்படுத்தினார். இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு ஊருக்கு வந்த பெரியப்பா, தம்பியைக் கட்டிப் பிடிக்க மறந்து, காரின் அடியில் கீறல் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சண்டை முடிந்து அடைபட்டிருந்த முகாமிலிருந்து நாங்கள் முரசுமோட்டைக்குத் திரும்பி மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சித்தி. சுவர் இன்னும் பூசாத இரண்டு அறை வீடு. அதற்கு முன்னால் அந்தக் கார் நின்றபோது, அயலில் இருந்தவர்கள் நெருப்புப்பெட்டி கேட்டும் கத்தி கேட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பெரியப்பாவுக்குக் கார் பந்தயம்தான் உயிர். கனடாவில் சொந்தமாக ஒரு வேகக் கார் வைத்திருந்தார். பனிக்காலம் முழுவதும் அது போர்வைக்குள் தூங்குமாம். வேலைக்குப் போய்வர வேறொரு பழைய கார். பந்தயப் பாதையை வெளியாட்களுக்குத் திறந்துவிடும் நாட்களில் மட்டும் வேகக் காரைக் கொண்டுபோய் ஓட்டுவாராம். அப்படிப்பட்ட காரை வாங்கிச் சந்தைக்கும் கோயிலுக்கும் ஓடுகிறவன் அதை உயிரோடு கொல்லுகிறான் என்பது அவருடைய கட்சி.

பின்னேரங்களில் காரைப் பார்த்தபடி கதிரையைப் போட்டு உட்கார்ந்து அவர் கதைக்கத் தொடங்குவார். தானாகக் கியர் மாறுகிற காரெல்லாம் கார் இல்லையாம், சில்லுப் பூட்டிய கதிரையாம். வட்டப் பாதையில் ஓடுகிறவர்களையும் அவர் பெரிதாக மதிக்கவில்லை.

“ஒரே வளைவு அறுபது தரம் வரும். அதைப் பாடமாக்கிறது என்ன பெரிய காரியமே? காட்டுக்குள்ளாலையும் சேத்துக்குள்ளாலையும் ஓடுறாங்கள் பாருங்கோ, அவங்கள் ஒரு வளைவை ஒரு தரம்தான் காணுவாங்கள். அவன்தான் ஓட்டக்காரன்.”

அப்பாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “லீற்றருக்கு எவ்வளவு ஓடும் அண்ணை?” என்று ஒருமுறை கேட்டார். கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டதைப் போலப் பெரியப்பா தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

தேத்தண்ணி கொண்டுவந்த சித்தி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். அது எனக்குப் புதிது. சித்தி அதிகம் சிரிப்பதில்லை. வெளியில் போவதும் குறைவு. வீட்டிலிருந்து சட்டை தைத்துக் கொடுப்பார். கிளிநொச்சிக்குப் போகவேண்டியிருந்தால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போவார். முகாமில் கட்டையாக இருந்த அவருடைய தலைமயிர் அப்போதுதான் பின்னல் போடுமளவுக்கு வளர்ந்திருந்தது.

பெரியப்பா வந்த இரண்டாவது கிழமை அம்மாவைப் பாம்பு கடித்தது.

அப்பா வவுனியாவுக்குப் போயிருந்தார். நான்கு நாள் விடாமல் பெய்த மழை அன்று மத்தியானம்தான் ஓய்ந்திருந்தது. வயல் வரம்பில் கீரை பிடுங்கப் போன அம்மா ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்து கிணற்றடியில் விழுந்தார். “புடையன்,” என்று மட்டும் சொன்னார். கணுக்காலில் இரண்டு புள்ளி. காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டவேண்டும் என்று ஓடிவந்த அயல்வீட்டுக்காரரைச் சித்தி கிட்ட விடவில்லை. ஒரு தடியை வைத்துத் துணியால் காலைத் தளர்வாகச் சுற்றினார்.

“காலை ஆட்டாதைங்கோ அக்கா. பயப்பிடாதைங்கோ. பெரியத்தான், காரை எடுங்கோ. கெதியா!”

நான் முன்னால் ஏறினேன். பின்னால் சித்தியின் மடியில் அம்மாவின் தலை. பெரிய றோட்டுக்குப் போக எங்கள் ஊரில் ஒரேயொரு கிறவல் மண் பாதைதான். மழையில் அது குழம்பாகிக் கிடந்தது. பெரியப்பா அமத்த அமத்தக் கார் உறுமியதே தவிர நகரவில்லை. நகர்ந்தபோது பக்கவாட்டில் போனது. அவருடைய காதுக்குப் பின்னால் வியர்வை இறங்குவதைப் பார்த்தேன். கால்வாசித் தூரம்தான் போயிருப்போம், மதகடியில் காரை நிறுத்திவிட்டார். வாய்க்கால் பெருக்கெடுத்துப் பாதைக்கு மேலால் பாய்ந்துகொண்டிருந்தது.

“இதுக்குள்ளாலை இந்தக் கார் போகாது,” என்றார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அம்மா சத்தி எடுத்தார். அதில் இரத்தம் இருந்தது.

சித்தி அம்மாவின் தலையை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு இறங்கினார். செருப்பைக் கழற்றி எறிந்தார். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து அக்கரை வரை போய்த் திரும்பினார். பெரியப்பாவின் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

“பெரியத்தான், பின்னுக்குப் போய் அக்காவைப் பிடியுங்கோ. நான் ஓடுறன்.”

“பிள்ளை, சைலன்சருக்குள்ளை தண்ணி போயிடும்...”

“அமத்தின காலை எடுக்காட்டித் தண்ணி போகாது. இறங்குங்கோ!”

சித்தி யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. பெரியப்பா சின்னப் பிள்ளையைப் போல இறங்கிப் பின்னால் போனார்.

பிறகு நடந்ததை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்றையும் கூட்டவில்லை. கார் தண்ணீருக்குள் அவசரமில்லாமல் இறங்கியது. ஒரே சுருதியில் முனகிக்கொண்டு, நிற்காமல், வேகமும் எடுக்காமல் போய் அக்கரையில் ஏறியது. ஏறியதும் சித்தியின் கை கியருக்குப் போனது. அதை அவர் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. சேற்றில் பின்பக்கம் இழுபடும்போதெல்லாம் ஸ்டியரிங்கை இழுபடுகிற பக்கத்துக்கே கொஞ்சம் கொடுத்தார், கார் சொல்வழி கேட்டது. பள்ளம் வருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்தது. தார் றோட்டில் ஏறியதும் நான் இருக்கையோடு ஒட்டிப்போனேன். பின்னால் பெரியப்பா அம்மாவின் கையைப் பிடித்தபடி கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார்.

பரந்தன் சந்திக்கு முன்னால் இராணுவக் காவலரணடியில் மட்டும் சித்தி வேகத்தைக் குறைத்தார். அம்மாவுக்காகக் கொண்டுவந்த துவாயை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு முகத்தைத் தாழ்த்தினார். காவலில் நின்றவன் உள்ளே எட்டிப் பார்த்தான், அம்மா கிடந்த கிடையைக் கண்டு போகச்சொல்லிக் கையைக் காட்டினான். மழை இல்லாத நேரத்தில் சித்தி ஏன் தலையை மூடுகிறார் என்று நான் யோசித்தேன். அடுத்த நிமிடம் ஒரு பஸ்ஸை நாங்கள் முந்தியதில் அது மறந்துபோனது.

அம்மா பிழைத்துக்கொண்டார். இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டொக்டர் சொன்னாராம்.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த அப்பாவிடம் பெரியப்பா சொன்னார்: “முப்பது வருசமாக் கார் ஓடுறன். ஓட்டக்காரர் எண்டு எத்தனை பேரைக் காசு குடுத்துப் போய்ப் பாத்திருப்பன். ஓடத் தெரிஞ்ச ஆளை நான் இண்டைக்குத்தான் கண்டனான்.”

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். “அண்ணை, இந்தக் கதையை இதோடை விடுங்கோ. ஓடினது நீங்கள்தான்.”

பெரியப்பாவுக்கு விளங்கியது. அதற்குப் பிறகு அவர் கார் பந்தயங்களைப் பற்றியே கதைக்கவில்லை. பெரியவர்கள் எல்லாரும் தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். என்னிடம் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நானோ சித்தியை விடவில்லை. எங்கே பழகினீர்கள் என்று மூன்று நாள் கேட்டு அரித்தேன். கடைசியில், தையல் மெசினில் இருந்தபடி, நிமிராமல் சொன்னார்.

“முந்திச் சண்டைக்குள்ளை லொறி ஓடினனான். காயப்பட்ட ஆக்களை ஏத்துற லொறி. இரவிலை லைற் போடாமல் ஓடவேணும்.”

“ஏன் லைற் போடேல்லை?”

“போட்டா மேலையிருந்து கண்டிடுவாங்கள்.”

அதற்கு மேல் நான் கேட்டதற்கெல்லாம் மெசின்தான் சத்தம் போட்டது.

அந்த நாட்களில் சித்திக்கு ஒரு சம்பந்தம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை செட்டிகுளத்துக்காரர், அரசாங்கக் கந்தோரில் வேலை. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் அவருடைய தாயும் தாய்மாமனும் வந்தார்கள். நல்ல மனிதர்கள். மாப்பிள்ளை சித்தியைப் பார்த்த விதம் எனக்குக்கூடப் பிடித்திருந்தது. சித்தி அம்மாவின் நீலச் சேலையைக் கட்டியிருந்தார். தட்டத்தை நீட்டும்போது அவருக்கு வந்த வெட்கத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

மாப்பிள்ளையின் தாய் அம்மாவின் காலைப் பார்த்து இரங்கினார். “இந்த மழைக்குள்ளை எப்பிடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனனீங்கள்?” என்று கேட்டார்.

“நான்தான் காரிலை...” என்று பெரியப்பா தொடங்கினார்.

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டிலேயே பெரிய கெட்டித்தனத்தை, அது தன்னுடையது என்று ஒருவர் பறித்துக்கொள்வதா?

“பொய்! சித்திதான் ஓடினவா. நீங்கள் பின்னாலை கண்ணை மூடிக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்!”

பெரியப்பா செருமினார். அப்பா என்னைக் குசினிக்குள் போகச் சொன்னார். மாப்பிள்ளையின் தாய் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து நிறுத்தினார். “சித்திக்குக் காரும் ஓடத் தெரியுமோ? எங்கை பிள்ளை பழகினவா?”

“லொறியிலை,” என்றேன். “சண்டைக்குள்ளை. இரவிலை லைற் போடாமல் ஓடுவா.”

மேசையில் கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டது. என் கையைப் பிடித்திருந்த கை மெதுவாக விலகியது. தாய்மாமன் மழையைப் பற்றி ஏதோ சொன்னார். மாப்பிள்ளை மட்டும் சித்தியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவரும் தன் கையைப் பார்க்கத் தொடங்கினார். பணியாரத்தை ஒருவரும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில், இருட்டுவதற்கு முன் போகவேண்டும் என்று எழுந்துவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. சித்தி இயக்கத்தில் போராளியாக இருந்தவர். முகாமில் இராணுவம் எல்லாரையும் பதிந்தபோது அம்மா அவருக்குத் தன்னுடைய சட்டையைப் போட்டு, என்னைத் தூக்கிக் கையில் கொடுத்து, பிள்ளைக்காரி என்று சொல்லித் தப்ப வைத்திருந்தார். சரணடைந்து பதிந்தவர்களுக்காவது தடுப்பிலிருந்து விடுவித்ததற்கு ஒரு கடதாசி இருந்தது. சித்திக்கு அதுவும் இல்லை. அப்படி ஒருத்தியைக் கட்டினால் அந்தக் கந்தோர் வேலைக்கு என்ன நடக்கும் என்று அந்தத் தாய் யோசித்திருப்பார். செட்டிகுளத்திலிருந்து பதில் வரவில்லை.

அடுத்த மாதம் மோட்டார் சைக்கிளில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். சித்தியின் முழுப்பெயரைக் கேட்டு எழுதினார்கள். கார் ஓடுவதற்கு லைசென்ஸ் இருக்கிறதா என்றும் கேட்டார்கள். இரண்டாம் முறை வந்தபோது அவரைக் கூட்டிக்கொண்டு போய் இருட்டிய பிறகு கொண்டுவந்து விட்டார்கள். மூன்றாம் முறை வருவதற்கு முன், பெரியப்பா யாரையோ பிடித்து, சித்தியை வளைகுடா நாடொன்றுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார். இப்போதும் அவர் அங்கேதான். கலியாணம் செய்யவில்லை. அந்த வீட்டில் நான்கு கார்கள் நிற்கின்றனவாம். பின்னேரத்தில் அவற்றைத் துடைப்பதும் சித்தியின் வேலை.

இதையெல்லாம் நான் துண்டு துண்டாக, வளர வளரத் தெரிந்துகொண்டேன். மாப்பிள்ளை வீட்டார் போன அந்தப் பின்னேரம் எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வயலுக்குப் போய்விட்டார். பெரியப்பா காருக்குள் ஏறிக் கதவை மூடிக்கொண்டு, அதை ஓட்டாமலே இருந்தார். எனக்கு யாரும் ஏசவில்லை.

சித்தி சேலை மாற்றாமல் குசினி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, மிஞ்சிய பயித்தம்பணியாரத்தில் இரண்டை எடுத்துக் கையில் தந்தார்.

“பிள்ளை, நான் கார் ஓடின கதையை ஆக்களுக்கு எப்பிடிச் சொன்னனீங்கள்?”

மறுபடியும் கேட்க ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். வாய்க்காலிலிருந்து தொடங்கினேன். கியர் மாறும் சத்தத்தை வாயால் போட்டேன். செருப்பை எறிந்ததைக் கையால் செய்து காட்டினேன். காவலரணடியில் துவாய் போட்டதையும் விடவில்லை. சித்தி குறுக்கிடாமல், கடைசிவரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

“இவைக்கு முந்தி வேறை ஆருக்குச் சொன்னனீங்கள்?”

“பள்ளிக்கூடத்திலை,” என்றேன். “காலமைக் கூட்டத்திலை மேடையிலை ஏத்திச் சொல்ல விட்டவை. அங்கை இதைவிட வடிவாச் சொன்னனான் சித்தி. எல்லாரும் கை தட்டினவை.”

சித்தி என்னை இழுத்து மடியில் சாய்த்து, என் தலையை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டார். ஒன்றையும் விடாமல் சொன்னதில் சித்திக்கு வந்த சந்தோசம் என்று நினைத்து, அப்படியே கிடந்து மற்றப் பணியாரத்தையும் தின்றேன்.