பிள்ளையாருக்குப் பக்கத்தில் அம்மப்பா

ரோமர்களின் தெய்வங்களைப் போல ஒழுங்கான நிர்வாகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. கதவுக்கு ஒரு தெய்வம், வாசற்படிக்கு ஒன்று, கதவின் கீலுக்குத் தனியாக ஒன்று. ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடமாட்டார். நகரசபையில் படிவங்கள் வாங்கும் மேசையிலிருந்து, நோயின் பேரில் முன்கூட்டியே ஓய்வுபெற்றவள் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

அந்தத் தெய்வங்களை எனக்கு அறிமுகப்படுத்தியவர், நாங்கள் அகதிகளாக வந்து சேர்ந்த ஹம் நகரில் எங்களுக்கு லத்தீன் கற்பித்த ஆசிரியை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, எனக்குப் பதினொரு வயது. அம்மா ஏழு மாதக் கர்ப்பிணி. யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்த அவருடைய தந்தையிடமிருந்து நான்கு மாதங்களாகக் கடிதம் இல்லை. தபால்காரர் வரும் நேரத்தில் அம்மா வயிற்றைப் பிடித்தபடி மூன்று மாடி இறங்கிப் போய் நிற்பார்.

ஒருநாள் ஆசிரியை, பழைய ரோம வீடொன்றின் சாமி மாடத்துச் சுவரோவியத்தைக் காட்டினார். இருபுறமும் மதுக்கொம்போடு ஆடும் இளைஞர்கள்; அவர்கள் வீட்டைக் காக்கும் தெய்வங்கள். கீழே ஒரு பாம்பு. நடுவில் தலையை மூடி நிற்பவர் குடும்பத் தலைவரின் காவல் ஆவியாம். தலைவர் உயிரோடு இருக்கும்போதே அதற்குப் பூவும் தூபமும் வைப்பார்களாம். மற்றப் பிள்ளைகள் பாம்பைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. வீட்டுப்பாடம் இதுதான்: வீட்டில் அப்படியொரு மாடம் அமைத்து, அதை விவரித்து எழுதிப் பெற்றோரின் கையொப்பத்துடன் கொண்டுவர வேண்டும்.

மற்றவர்கள் சப்பாத்துப் பெட்டியில் செய்தார்கள். எங்களிடம் அசல் மாடமே இருந்தது: குசினி அலுமாரியின் மேல்தட்டில் பிள்ளையார், முருகன், லட்சுமி. குடும்பத் தலைவர்தான் குறை. அப்பாவிடம் இருந்தது அகதி விண்ணப்பத்துக்கு எடுத்த படம். அதில் அவர் பிடிபட்ட கள்ளனைப் போல இருந்தார். ஆகவே அம்மப்பாவின் படத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்து, புல்வெளியில் பறித்த வெள்ளைப் பூக்களைக் கோத்து மாலையிட்டு, பிள்ளையாருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

எங்கள் வீடுகளில் அப்படி மாலையோடு சாமித்தட்டில் நிற்பவர் இறந்தவர். நான் வளர்ந்த வீட்டில் அதுவரை யாரும் இறந்திருக்கவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

"ஐயோ, என்னடி செய்து வைச்சிருக்கிறாய்?" அம்மா படத்தை இழுத்தெடுத்ததில் மாலை அறுந்தது. "உயிரோடை இருக்கிற மனிசனுக்கு ஆரும் மாலை போடுவினமோ?"

"ரோமர் போடுவினமாம். ரீச்சர் சொன்னவ."

"அப்ப உன்ரை ரீச்சரின்ரை அப்பாவுக்குப் போடச் சொல்லு!"

வேலையால் வந்த அப்பா சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். ஒரு கிழமையாக அவர் முகம் மழிக்கவில்லை, மச்சம் மாமிசம் தொடவில்லை, சாமித்தட்டின் பக்கமும் போகவில்லை. கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்றிருந்தார்.

அம்மா படத்தை அவரிடம் நீட்டினார். "இஞ்சேருங்கோ, நீங்களாவது இவளுக்குச் சொல்லுங்கோ."

அப்பா அதை வாங்கவில்லை. "பிள்ளையை ஏசாதையும்," என்றார் தரையைப் பார்த்து. "அது அங்கையே இருக்கட்டும்."

அம்மா அந்த மழிக்காத முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எப்ப?"

"போன செவ்வாய். கொழும்பிலையிருந்து ஃபோன் வந்தது."

எங்கள் வீட்டில் 'எப்ப?' என்ற கேள்வி ஏதாவது அலுவலகம் வரச்சொல்லிக் குறித்துத் தரும் ரெர்மினை, அந்த நாளையும் நேரத்தையும், பற்றியதாகவே இருக்கும். நான் கவனிக்கவில்லை.

அம்மா கதிரையைப் பிடித்து நின்றார். பிறகு அறுந்த மாலையைத் தன் கையாலேயே முடிந்து, படத்துக்குப் போட்டு, நான் வைத்த இடத்திலேயே வைத்தார். அன்று அங்கே விளக்கு ஏற்றப்படவில்லை. அதற்காக மதிப்பெண் குறையுமோ என்பதே என் கவலை.

இரவு அறைக்குள் அம்மா அழுதது கேட்டது. மாலையை அறுத்ததற்காக வருந்துகிறார் என்று எண்ணி மன்னித்துவிட்டேன். என் கட்டுரையின் கடைசி வரி இது: "அம்மா முதலில் மறுத்தார், விளக்கம் அளிக்கப்பட்ட பின் சம்மதித்தார்."

அப்பா அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். ஒன்றும் திருத்தாமல், அதன் கீழே கையொப்பமிட்டார்.