கம்பீரமான டொக் டொக்

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில்தான் எழுதப் பழகினேன். தாளில் எழுதிப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போடுகிறேன்.

மருமகன் அந்தோணியின் காடி, இறக்கத்தில் பிரேக் போட்டால் முன்பக்கம் டொக் டொக் என்கிறது. அதை விற்றுவிட்டுப் பெரிய பிராண்ட் காடி வாங்க இன்று பாலிக் புலாவில் இருக்கும் பழைய கார்க் கடைக்குப் போனான். நானும் போனேன். ஒழுகுகிற சமையலறைக் கூரைக்கு என் மகள் சேர்த்த பணமும் எங்களோடு வந்தது.

விற்கிறவர் நஸீர் பாய் ஒளிக்கவில்லை. "அடியில உங்க காடியும் இதுவும் ஒரே பிளாட்ஃபார்ம், ஒரே அடிச்சட்டம் தம்பி. மேல உடம்பும் பேட்ஜும்தான் வேற."

"சும்மா சொல்லாதீங்க அண்ணே. இது வேற லெவல் லா!"

அந்தப் பெரிய பிராண்டை ஓட்டிப் பார்த்தோம். முதல் இறக்கத்திலேயே டொக் டொக்.

"கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சு மாமா. ஆனா இந்தச் சத்தத்துல ஒரு கம்பீரம் இருக்கு, கவனிச்சீங்களா?"

வாங்கிவிட்டான்.

மகளிடம் யார் சொல்வது என்பதுதான் வழியெல்லாம் பேச்சு. "நீங்கதான் இப்ப எழுதுறீங்களே மாமா, எழுதிப் போட்டுடுங்க," என்றான்.

போட்டுவிட்டேன். மகளே, படித்துவிட்டாயா? மற்றவர்கள் கீழே கொஞ்சம் எங்கள் பக்கம் பேசுங்கள்.