ஏழு தோணிகளுக்குப் பித்தளை பூட்டியவர்

சென்ற செவ்வாய்க்கிழமை, அக்கரைப்பற்றில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூட வாசலில் மச்சான் வந்து நின்றார். என் மூத்த சகோதரி ராத்தாவின் மாப்பிள்ளை. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க ஏலாத மனிதர், சாய்ந்தமருதிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார் என்றால் சும்மா இருக்காது. "ஆதம்பாவா காக்கா மௌத்தாகிட்டார். அசறுத் தொழுகைக்குப் பிறகு அடக்கம்" என்றார். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு அவரோடு புறப்பட்டேன்.

ஊருக்கே அண்ணனாக இருந்த காக்காவின் பட்டறையை அறியாதவர் நமது கரையில் இல்லை. உழவு மெசின் தொடக்கம் மருதமுனைத் தறி வரை எது உடைந்தாலும் அங்கேதான் போகும். பல வருடங்களுக்கு முன்பு, நான் வாத்தியாராகாத காலம். மச்சானோடு வாப்பாவின் பாய்த்தோணியில் கடலுக்குப் போய்வந்தேன். பாய்மரத்தை இரண்டு பக்கமும் கம்பிகள் இழுத்துப் பிடிக்கும். அந்தக் கம்பிகளின் அடி, தோணியின் பக்கப் பலகையில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புத் தகடுகளில் நிற்கும். உப்புக்காற்றில் அந்தத் தகடுகள் ஒரு வருடம் தாங்காமல் கறள் பிடித்துப் பொரிந்து கொட்டும்.

கரையைப் புரட்டிப்போட்ட சூறாவளிக்குப் பிறகு தோணிகளைத் திருத்திய காலத்தில் காக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. நாவிதன்வெளிப் பக்கத்து வயற்காரர் கழித்துப் போட்ட தண்ணீர் இறைக்கும் மெசின்களிலிருந்து பித்தளையை வெட்டியெடுத்து, ஏழு தோணிகளுக்குத் தகடு பூட்டினார். பித்தளைக்கு ஏது கறள்! நாங்களும் பெருமை தாங்காமல், உம்மாவின் வெற்றிலை வட்டாவைப்போல் அவற்றைப் புளி போட்டுத் துலக்கி வைத்தோம். பலகைக்குள் போன போல்ட் மட்டும் இரும்பு. அதை யார் நினைத்தது?

ஒரு வியாழக்கிழமை காலை, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், போல்ட் அறுந்து பாய்மரம் மச்சானின் தோளில் விழுந்து அவரைக் கடலில் தள்ளியது. பாய்க்கடியில் மூழ்கப்போனவரை நான் இழுத்தெடுத்தது அல்லாஹ்வின் கிருபை. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, தகட்டைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், உங்களுக்குத் தெரியும். வேலைக்கு வந்து நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் காக்காவைக் கொலைகாரன் என்றேன்.

அவர் தகட்டை வாங்கினார். தகட்டோடு வந்த போல்ட் துண்டை விரலில் உருட்டிப் பார்த்தார். ஈர்க்கு அளவுக்கு மெலிந்திருந்தது.

"பித்தளையோட சேந்து உப்புத்தண்ணி பட்டா இரும்பு கெதியாப் போயிரும் போல. எனக்கு இது விளங்காமப் போச்சு. என்ட பிழைதான் தம்பி" என்றார். பிறகு, "இன்னும் ஆறு தோணி இரிக்கு" என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழாமல் நம்மவர் தோணி தள்ளுவதில்லை என்பதால் ஆறு தோணிக்காரரும் பள்ளிவாசலில் இருந்தார்கள். ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று காக்கா பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்காரிடம் அனுமதி கேட்டார். மரைக்கார் இவர்மேல் இரக்கமுள்ளவர். ஊரறியச் சொன்னால் பட்டறையை மூடவேண்டி வரும், ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சத்தமில்லாமல் மாற்றிக் கொடு என்று காதோடு சொன்னார்.

"தொழுத கையோட தள்ளிருவாங்க மரைக்கார். ஒவ்வொண்டாச் சொன்னா, கடைசி ஆள் கடல்ல இரிப்பான்."

தொழுகை முடிந்ததும் காக்கா பள்ளி வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். நான் ஏசியதைச் சொல்லவில்லை. தன் பிழையை மட்டும் சொன்னார். ஒரு தோணிக்காரர் சிரித்தார், தன் தகடு பவுனாக மினுங்குகிறது என்றார். காக்கா ஸ்பேனரோடு கரைக்கு நடக்க, சனமும் பின்னால் போனது. மினுங்கிய அந்தத் தகட்டில் முதல் திருப்பிலேயே போல்ட்டின் தலை தனியாகக் கழன்று கையில் வந்தது. சிரித்தவர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவருடைய இரண்டு ஆண்மக்களும் அன்று அந்தத் தோணியில் போக இருந்தவர்கள். ஆறு தோணியும் கரையிலேயே கிடந்தன.

மரைக்கார் சொன்னதும் நடந்தது. மாதக்கணக்கில் பட்டறைப் பக்கம் யாரும் போகவில்லை. அந்த நாட்களில் காக்கா, மச்சானின் வீட்டுக்கு வந்து, நல்லெண்ணெய் போட்டுத் தோளை உருவிவிடுவார். என்னைக் கண்டால் ஒன்றும் நடக்காததுபோல "வாங்க தம்பி" என்பார். அவருக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பி வருவேன்.

அடக்கத்துக்கு முன், வழமைப்படி மூத்த மகன் முன்னுக்கு வந்து, வாப்பாவால் யாருக்காவது மனம் நொந்திருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். மச்சான்தான் முதலில் கதைத்தார்: "நான் ஆஸ்பத்திரிக் கட்டில்லயே பொறுத்திட்டன் மகன்."

மௌத்தானவருக்காக மன்னிப்புக் கேட்க ஒரு மகன் இருக்கிறார். மௌத்தானவரிடம் மன்னிப்புக் கேட்க நம்மிடம் வழமை ஒன்றும் இல்லை. அன்று பட்டறையில் சொன்ன சொல்லைத் திருப்பியெடுக்க எனக்கு இத்தனை வருடம் இருந்தது. நான் எடுக்கவில்லை. காக்கா போன பிறகு எனக்கென்று மிஞ்சியது, கொலைகாரன் என்ற அந்தச் சொல்தான்.