வற்றிய தண்ணீர்

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறேன். வரவேற்பறையில் உள்ள கடல் மீன் தொட்டியும் என் பொறுப்புதான். எட்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவன். எதைத் தொட்டாலும் தப்பாகிவிடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

போன மாதம், தொட்டி என் பொறுப்புக்கு வந்த மூன்றாம் வாரம், அதிலிருந்த ஒரே ஆரஞ்சு மீன் சாப்பிடாமல் மூலையில் சாய்ந்து மூச்சு வாங்கியது. கூட்டித் துடைக்கும் செல்வி அக்கா கண்ணாடிக்கு அடித்த மருந்துதான் காரணம் என்றார் மேனேஜர். மீன் செத்தால் அக்காவுக்கு வேலை இல்லை என்றும் சொன்னார். எனக்குக் காரணம் தெரியவில்லை. அதைச் சொல்லி அக்காவுக்காகப் பரிந்து பேசவும் இல்லை.

இந்தக் குளிருக்குத் தொட்டியில் எந்நேரமும் ஹீட்டர் ஓடும். அதனால் தண்ணீர் வற்றும். வற்ற வற்றத் தண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றிவந்தேன். அன்றும் ஊற்றப் போனபோது அக்கா பார்த்துவிட்டார்.

“கொழம்பு வத்துனா உப்பு கூடித்தானே போகும் தம்பி? அதுல திரும்பவும் உப்புத் தண்ணியவா ஊத்துவீங்க?”

என் கை அப்படியே நின்றுவிட்டது. கடல் மீனாயிற்றே என்று உப்புத் தண்ணீரையே ஊற்றி, மூன்று வாரமாக நானே அதை வதைத்திருக்கிறேன்.

அதன்பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, உப்புப் போடாத ஊற்றுத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கிச் சிறிது சிறிதாகச் சேர்த்தேன். சரியான தூக்கமே இல்லை. ஐந்தாம் நாள் மீன் இரையைக் கவ்வியது.

தப்பு என்னுடையது என்று மேனேஜரிடம் சொல்ல எனக்கு மேலும் இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் அக்கா, “மீன் சாப்பிட்டுச்சா தம்பி?” என்று மட்டும்தான் கேட்டார். என்னைத் திட்டியிருந்தால்கூட நான் இவ்வளவு குறுகிப்போயிருக்க மாட்டேன்.