நாலு எண்ணிக்கை

ஒலிப்பதிவுக்கு வந்ததும் அக்கா முதலில் நாற்காலியில் மூன்று முறை உட்கார்ந்து எழுவார். கிறீச்சென்று சத்தம் வந்தால் கைப்பையிலிருந்து தையல் மிஷின் எண்ணெய்ப் புட்டி வெளியே வரும். மூட்டுக்கு இரண்டு சொட்டு விட்டு மறுபடியும் உட்கார்ந்து பார்ப்பார். அப்புறம் வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொள்வார். மேசைமேல் கெட்டியான துண்டு ஒன்றை விரித்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி தன் சாமான்களை ஒவ்வொன்றாக வைப்பார். கிலுக்கு, சலங்கை, மரக்கட்டை இரண்டு, முக்கோணக் கம்பி, அதைத் தட்ட ஓர் இரும்புக் குச்சி. பின்வரிசை வயலின்காரனான நான் வில்லைத் துடைக்கிற பாவனையில் இதை வேடிக்கை பார்ப்பேன். இருபது வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

பெரிய வாத்தியங்களுக்கு நடுவே இப்படிச் சின்னச் சின்னதாகத் தட்டுகிற வேலைக்கு எங்கள் தொழிலில் சைடு ரிதம் என்று பெயர். அதனால் எங்கள் எல்லோருக்கும் அவர் சைடு ரிதம் அக்கா. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஒலிப்பதிவு நடக்காத வாரம் கிடையாது. ஒரு பாட்டில் அவருக்குப் பத்துப் பதினோரு அடி இருந்தால் அதிகம்.

"அடிக்கிறது ஈஸி. மிச்ச நேரம் சும்மா இருக்கிறதுதான் வேலை. உங்களால முடியுமா? வயலின்காரங்களை ரெண்டு நிமிஷம் சும்மா உக்கார வெச்சா ஊர்க்கதை ஆரம்பிச்சிடுவீங்க" என்பார். பாதியில் இருந்த ஊர்க்கதையை நான் அப்படியே நிறுத்திக்கொள்வேன்.

மருந்துப் புட்டிகளில் மணல் நிரப்பிக் கிலுக்கு செய்வார். கட்டிடம் எழும்புகிற இடம் எதையும் அவர் சும்மா தாண்டிப் போனதில்லை. ஒரு கைப்பிடி மணலை அள்ளிக் காதோரம் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். மேஸ்திரிகள் இவருக்குக் கொஞ்சம் மறை கழன்றுவிட்டதோ என்று பார்ப்பார்கள். பாத்திரக் கடையில் இன்னும் மோசம். வாணலி வாங்கப் போனால் இருபது வாணலியைத் தட்டிக் கேட்பார். "இது அழுவுது, வேணாம்" என்பார். கடைக்காரர் அழுகிற நிலைக்கு வந்த பிறகு ஒன்றை எடுத்துக்கொள்வார். அவர் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். "வீட்ல மூடியைக்கூட துணி மேலதான் வைக்கணும் சார். ஹாரன் அடிச்சே பொழைக்கிறவன் நான். என் தலையெழுத்தைப் பாருங்க" என்று என்னிடம் ஒருமுறை முறையிட்டார்.

அக்காவுக்கு ஒரு பேர் உண்டு. முப்பத்தெட்டு வருடத்தில் ஓர் அடிகூடத் தப்பாதவர் என்று. புதிதாக வருகிற டிரம்ஸ்காரர்கள் எண்ணிக்கை தடுமாறினால் பக்கத்திலிருப்பவர் முழங்கையால் இடித்து, "அக்கா கையைப் பாரு" என்பார். அந்தப் பேரை அக்கா பொத்திப் பொத்திக் காப்பாற்றினார் என்பது எனக்குத் தெரியும். அதை அவரே போட்டு உடைத்ததையும் பார்த்தேன்.

எல்லாம் அந்தப் பாட்டினால் வந்தது. பேரைச் சொல்ல வேண்டியதில்லை. 'நாலு எண்ணிக்கைப் பாட்டு' என்றால் யாருக்கும் தெரியும். முப்பத்தோரு வருடத்துக்கு முந்தைய காதல் பாட்டு. இரண்டாவது சரணம் முடிந்ததும் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒரு சத்தமும் இருக்காது. பிறகு முக்கோணக் கம்பியில் ஒரே ஒரு 'ணிங்'. அதைப் பிடித்துக்கொண்டு பாடகியின் குரல் தனியாகப் பல்லவிக்குத் திரும்பும். அந்த இடத்தில் சிலிர்க்காத ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அந்தப் பாட்டு வந்த புதிதில் சீண்டுவார் இல்லை. கேசட் கம்பெனிக்காரர், "தூக்க மாத்திரை மாதிரி இருக்கு" என்று இரண்டாம் பக்கத்தின் கடைசியில் தள்ளிவிட்டார். ஒருநாள் வானொலியில் செய்தி வாசிப்பவர் வந்து சேரத் தாமதமாக, அறிவிப்பாளர் கைக்குக் கிடைத்த கேசட்டைப் போட்டு நேரத்தை ஓட்டினார். அடுத்த வாரம் நிலையத்துக்குச் சாக்கு சாக்காகக் கடிதம். அதன் பிறகு அது ஓடாத கல்யாணம் இல்லை, பிரிவுபசார விழா இல்லை. பதினோரு பேர் திரும்பப் பாடிப் பதிவு செய்தார்கள். ஒருவர் வெறும் கிதாரோடு, ஒருவர் குழந்தைகளை வைத்து. ஒரு புண்ணியவான் அதை ஓட்டப்பந்தய வேகத்தில்கூடப் பாடினார். அவரும் அந்த இடத்தில் மட்டும் நின்று நாலு எண்ணினார். ஒரு விமர்சகர் அந்த மௌனத்தைப் பற்றி ஆறு பக்கம் எழுதி, இசையமைத்த மாஸ்டரின் மேதைமைக்கு அதுவே சாட்சி என்று முடித்தார். கட்டுரையை அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்காரு, பாவம்" என்றார். அந்தப் 'பாவம்' எதற்கென்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மாஸ்டர் இன்று இல்லை. போன மாதம் அவர் பாட்டுகளுக்காகப் பெரிய கச்சேரி ஒன்று ஏற்பாடானது. எண்பது வாத்தியங்கள். அந்தப் பாட்டை முதலில் பாடியவரே பாட வருகிறார். முன்னால் நின்று கைகாட்டி வாத்தியங்களை நடத்துபவர் நாற்பது வயதுக்காரர். மகா கறார். மாஸ்டர் வீட்டுப் பரணிலிருந்து அவர் கைப்பட எழுதிய ஸ்வரத்தாளைத் தேடி எடுத்திருந்தார். இத்தனை நாள் எல்லோரும் கேசட்டைக் கேட்டு வாசித்ததுதான். அந்த முதல் பதிவுக்குப் பிறகு தாளைப் பார்த்து வாசிப்பது இதுவே முதல் தடவை.

ஒத்திகையில் இரண்டாவது சரணம் முடிந்தது. இடைவெளியே விடாமல் அவர் கை அடுத்த அடிக்கு இறங்கியது. எண்பது பேரும் ஆளுக்கொரு பக்கம் போய் முட்டிக்கொண்டோம்.

"சார், அங்க நாலு எண்ணணும்" என்றார் அக்கா.

"தாள்ல இல்லையேம்மா. மாஸ்டர் எழுதினதைத்தான் வாசிக்கப் போறோம்."

"பாட்டுல இருக்கு சார்."

"மாஸ்டர் எழுதாம எப்படிம்மா பாட்டுல வரும்?"

அக்கா எழுந்து நின்றார். அவர் ஒத்திகையில் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

"அது மாஸ்டர் எழுதினது இல்ல சார். நான் விட்டது. பதிவு அன்னிக்குக் குச்சி கை நழுவித் துண்டு மேல விழுந்திடுச்சு. தேடி எடுத்து அடிக்கிறதுக்குள்ள நாலு எண்ணிக்கை போயிடுச்சு. பாடினவங்க கண்ணாடி ரூம்ல இருந்தாங்க, நடுவுல ஒரு தூண். மாஸ்டர் கை அவங்களுக்குத் தெரியாது. என் அடியைக் கேட்டுத்தான் ஆரம்பிக்கணும்னு ஏற்பாடு. அதனால அவங்களும் காத்திருந்தாங்க. முடிஞ்சதும் மாஸ்டர் டேப்பைப் போட்டு கண்ணை மூடிக் கேட்டாரு. எனக்கு உசுரே இல்ல. 'இது இப்படியே இருக்கட்டும், யார்கிட்டயும் சொல்லாத'ன்னாரு. இன்னிக்கு வரைக்கும் சொல்லல."

முப்பத்தெட்டு வருடப் பேரை ஒரே மூச்சில் தூக்கிப் போட்டுவிட்டு அக்கா நிற்கிறார். பாடகி தன் நாற்காலியிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடத்துபவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப அது தப்புதான்னு நீங்களே சொல்றீங்க. திருத்திடலாம்மா. மாஸ்டருக்கு நாம செய்யுற மரியாதை அதுதான். தவிர, கிளிக்கும் லைட்டும் தாள்படி பூட்டியாச்சு. இனி மாத்த முடியாது."

கிளிக் என்பது எங்கள் காதுக்குள் டிக் டிக்கென்று தாளம் எண்ணும் சின்னக் கருவி; மேடை விளக்குகளும் அதன் கணக்கில்தான் மாறும். எண்பது பேருக்கும் மாட்டிவிட்டிருந்தார்கள். பாடகி மட்டும், "எனக்குப் பாட்டுக் கேட்டாப் போதும், கடிகாரம் வேணாம்" என்று மறுத்துவிட்டார்.

இடைவேளையில் அக்கா தன் மேசையிலேயே டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்; நான் பக்கத்தில் போனேன். "பேரும் போச்சு, நாலும் போச்சு. எனக்கு வயிறெரியுது தம்பி. இத்தனை ஜனம் அந்த இடத்துலதான் மூச்சு வாங்கிட்டு இருக்கு. அதைப் போய் திருத்துறாராம்" என்றார்.

"விடுங்கக்கா. அவர் கச்சேரி, அவர் பாடு."

"முதல் தடவை தெரியாம விட்டேன்" என்று மட்டும் சொல்லி, டம்ளரைத் துண்டின்மேல் வைத்தார்.

கச்சேரி அன்று ஆறாயிரம் பேர். அந்தப் பாட்டின் முதல் வரிக்கே அரங்கம் அதிர்ந்தது. இரண்டாவது சரணம் முடிந்தது. நாங்கள் நிறுத்தினோம். தாள்படி அடுத்த அடியில் முக்கோணம் ஒலிக்க வேண்டும். நடத்துபவரின் கை இறங்கியது. ஒன்றும் ஒலிக்கவில்லை. நான் திரும்பினேன். அக்கா குச்சியை உயர்த்திப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். பாடகி கண்ணை மூடிக் காத்திருக்கிறார். என் காதில் மட்டும் டிக் டிக்கென்று அது பாட்டுக்கு ஓடுகிறது. விளக்குகள் தம் கணக்குப்படி நீலத்துக்கு மாறிவிட்டன. ஆறாயிரம் பேரில் ஒருவர்கூட இருமவில்லை. எத்தனை எண்ண வேண்டுமென்று அவர்களுக்குத் தெரியும்.

நான்கு முடிந்ததும், ணிங்.

பாடகியின் குரல் எழுந்தது. கூடவே ஆறாயிரம் தொண்டைகளும். இரண்டு வரி கழித்து நாங்கள் சேர வேண்டும். காதில் ஓடுகிற தாளமோ நாலு எண்ணிக்கை முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. அதை நம்பி வாசித்தால் பாட்டு குட்டிச்சுவர். நடத்துபவர் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பாடிக்கொண்டிருக்கிற கூட்டத்தைப் பார்த்தார். சட்டென்று தன் காதிலிருந்ததைப் பிடுங்கித் தொங்கவிட்டு, எங்களையும் பிடுங்கச் சொல்லிச் சைகை காட்டினார். எண்பது பேரும் பிடுங்கிப் போட்டோம். அவர் கையைப் பார்த்து, பாடுகிறவர்கள் வாயைப் பார்த்து, அத்தனை பேரும் ஒன்றாகச் சேர்ந்த அந்த இடம் இருக்கிறதே, அதற்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. தாடையில் வயலினை வைத்துக்கொண்டு அழுவது சிரமமான காரியம். அழுதேன். விளக்குகள் கடைசிவரை தப்பும் தவறுமாக எரிந்தன. யாரும் கவனிக்கவில்லை. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பாடகி நேராகப் பின்வரிசைக்கு வந்து அக்காவைக் கட்டிக்கொண்டார்.

மேடைக்குப் பின்னால் அக்கா சாமான்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது நடத்துபவர் வந்தார். கையில் மாஸ்டரின் தாள். சண்டை பிடிக்கத்தான் வருகிறார் என்று நாங்கள் நான்கைந்து பேர் அக்காவைச் சுற்றி நின்றுகொண்டோம். அவர் தாளை மேசைமேல் விரித்து, இரண்டாவது சரணத்தின் முடிவில் விரலை வைத்தார்.

"அந்த நாலு எங்க வரணும்னு நீங்களே போடுங்கம்மா" என்று பென்சிலை நீட்டினார். ஸ்வரத்தாளில் நாங்கள் எதையும் பென்சிலால்தான் குறிப்போம். பிறகு அழிக்க வசதியாக இருக்கும்.

அக்கா பென்சிலை வாங்கவில்லை. எட்டி, அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினார்.