சர்க்கார் பங்கு

முள்படலைத் திறந்ததும் சங்கிலிப்பாண்டி செருப்பைக் கழற்றிவிடுவார். பக்தியெல்லாம் இல்லை, புதிதாக முளைத்த கன்று செருப்பில் மிதிபட்டுவிடும் என்ற பயம்தான். கம்பால் சருகை விலக்கிப் பார்த்துக்கொண்டே தோப்பை ஒரு சுற்று வருவார். அந்த நேரத்தில் யாராவது ஆடு பத்திக்கொண்டு போனால் கம்பு மேலே எழும்பும். "ஏலே, அங்கனயே நில்லு. இது சர்க்கார் பங்கு."

அப்படி ஒரு பங்கு தனக்கு இருப்பது சர்க்காருக்கு மட்டும் தெரியாது. மேலகரத்திலிருந்து குற்றாலம் போகிற வழியில் அவருக்கு மூன்று ஏக்கர் புஞ்சை. பட்டா அவர் பேரில்தான் இருக்கிறது. இரண்டு ஏக்கரில் சோளமும் உளுந்தும், மழை இரங்கினால், விளையும். மீதி ஒரு ஏக்கர் முழுவதும் மரம்: வேம்பு, பூவரசு, இலுப்பை, புங்கன். பயிர் வைத்திருந்தால் வீட்டில் இன்னொரு குதிர் நிறைந்திருக்கும் என்று ஊரில் எல்லோரும் அவரிடம் சொல்லிப் பார்த்தாயிற்று.

காரணம் ஒரு கூட்டம். ஐம்பத்து மூன்றாம் வருஷம், சாரல் சமயத்தில், குற்றாலத்தில் வனமகோற்சவம் என்று மரம் நடும் விழா நடத்தினார்கள். வெளியூரிலிருந்து வந்த ஓர் அதிகாரி குடைக்குள் நின்றபடி பேசினார். இந்த நாட்டின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு காடாக இருக்கவேண்டும் என்று டில்லியில் முடிவு செய்திருக்கிறார்கள், அதற்கு எத்தனை வருஷம் ஆனாலும் சரி, எட்டியே தீரவேண்டும் என்றார். கூடியிருந்தவர்கள் கை தட்டிவிட்டு அருவிக்குக் குளிக்கப் போனார்கள். சங்கிலிப்பாண்டி குளிக்க மறந்து வீட்டுக்கு வந்து, கயிற்றை எடுத்துப் புஞ்சையை அளந்தார். நிலத்தீர்வை மாதிரி இதுவும் ஆளுக்கு ஆள், வயலுக்கு வயல் விழுகிற கடமை என்று எண்ணிவிட்டார். அவர் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. நாடு என்றால் தன் புஞ்சையும் அதில் சேர்த்தி என்று நினைத்தார், அவ்வளவுதான்.

முதல் கோடைகளில் வாய்க்காலிலிருந்து கன்றுகளுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவள் அவர் மனைவி குருவம்மாள். சுமந்துகொண்டே திட்டுவாள், திட்டினாலும் குடத்தை இறக்கி வைத்ததில்லை. "ஊருல ஒரு பயலும் பங்கு வைக்கல. இந்த மனுசன் காதுல மட்டும் டில்லிக்காரன் வந்து ஓதிட்டுப் போயிட்டான்" என்பாள்.

எனக்கு அவர் பழக்கமானது மனு எழுத வந்ததில். தென்காசியில் சர்க்கார் ஆபீஸ் ஒன்றின் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதுவது என் பிழைப்பு. மரங்கள் ஆள் உயரம் தாண்டிய வருஷம் வந்து நின்றார். தம்முடைய மூன்றில் ஒரு பங்கை முடித்துவிட்டதாகச் சர்க்காருக்குத் தெரிவிக்கவேண்டுமாம். மற்றவர்கள் முடித்துவிட்டார்களா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்கச் சொன்னார். என்னைச் சீண்டுகிறாரோ என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். சீண்டல் இல்லை. எழுதிக் கொடுத்தேன், பதில் வரவில்லை. அதன்பிறகு சந்தைக்கு வரும்போதெல்லாம், "மத்தவங்க எந்த மட்டுல இருக்காங்க?" என்று என்னிடம் விசாரிப்பார். நடக்குது அண்ணாச்சி என்பேன். வேறு என்ன சொல்ல?

ஒரே மகன் இசக்கிப்பாண்டி, சீனச் சண்டை வந்தபோது பட்டாளத்தில் சேர்ந்தான். போன வருஷம் லீவில் வந்தவனுக்குப் புஞ்சையில் ஒரு கிணறு வெட்டி மோட்டார் வைக்கவேண்டும் என்று ஆசை. தண்ணீர் வந்தால் இரண்டு ஏக்கரும் தோட்டமாகும், அம்மா கூலிக்குக் களை எடுக்கப் போகவேண்டாம். மரக்கடை கிதிர் முகம்மது பாயைக் கடையநல்லூரிலிருந்து கூட்டிவந்து தோப்பைக் காட்டினான். மரத்தை விற்றால் பாறைக்கு வெடி வைக்கவும் மோட்டார் வாங்கவும் பணம் காணும் என்று பாய் நியாயமாகவே சொன்னார்.

சங்கிலிப்பாண்டி முடியாது என்றுவிட்டார். நாட்டுக்கு என்று கொடுத்ததில் கை வைக்கக்கூடாதாம். மகன் சத்தம் போடவில்லை. அவன் சொன்னதைக் குருவம்மாள்தான் பின்னால் என்னிடம் சொன்னாள், சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நாட்டுக்குத்தான் என்னைக் குடுத்தாச்சுல்லா, அய்யா. இன்னும் பங்கு பாக்கி இருக்கா?"

லீவு முடிந்து மகன் ரயிலேறிய மறுநாள், பாயையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். புதிதாக ஒரு மனு வேண்டும்: ஒரு மகனைக் கொடுத்திருப்பதால், அந்த ஒரு ஏக்கர் மரத்தை மட்டும் சர்க்கார் திருப்பித் தரவேண்டும். எத்தனையோ பேருடைய எத்தனையோ பொய்யை வரி மாறாமல் எழுதியவன் நான். இந்த ஒரு மெய்யை எழுதக் கை வரவில்லை. நேரே உள்ளே அழைத்துப்போனேன்.

தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அது உங்கள் பட்டா நிலம், உங்கள் மரம், யாரும் உங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை, வெட்டுவதானால் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள் என்றார்.

"அப்போ இத்தனை வருசமா அது யாரு கணக்குலயும் இல்லியா, சாமி?"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அன்று எனக்கு வந்த கோபத்தை யார் மேல் வைப்பது என்று இன்றுவரை தெரியவில்லை.

வெளியே சைக்கிளைப் பிடித்தபடி பாய் நின்றிருந்தார். நாளைக்கு வாளும் ஆளும் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். சங்கிலிப்பாண்டி இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டார்.

"அவங்க பங்குன்னா திருப்பி வாங்கியிருப்பேன், பாய். என்னுதாம்லா. நானா குடுத்ததை நானே எப்படி எடுக்க?"

பாய் வியாபாரிதான். ஆனாலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலகரம் பாதையில் கொஞ்ச தூரம் அவரோடு கூடவே நடந்தார்.

இப்போது சோளக்கொல்லையின் ஓரத்தில் அவரே கிணறு தோண்டுகிறார். ஆள் இல்லை, வெடி இல்லை, கடப்பாரையும் மண்வெட்டியும்தான். மண்ணை ஓலைப்பெட்டியில் கயிறு கட்டி மேலே இழுப்பவள் குருவம்மாள். திட்டிக்கொண்டேதான் இழுக்கிறாள். போன வாரம் போயிருந்தேன். குனிந்து பார்த்தால்தான் அவர் தலை தெரிந்தது. உள்ளங்கையெல்லாம் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. மனசு கேட்கவில்லை. நாலு மரத்தைக் கொடுத்தால்கூட வெடிக்கு ஆகுமே அண்ணாச்சி, இது பாறை பூமியாயிற்றே என்றேன்.

"பய அடுத்த லீவுக்கு வருதான்" என்றார், உள்ளிருந்தபடி.

பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உரிந்த உள்ளங்கையைக் குழியின் அடியில் அழுந்தப் பதித்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். எடுத்துத் திருப்பிப் பார்த்தார், ஈரமில்லை, வெறும் பொடி. வேட்டியில் துடைத்துவிட்டுக் கடப்பாரைக்குக் கையை நீட்டினார்.