திருப்பி வைத்த செருப்புகள்

வார்டுக்குள் வந்ததும் யோலிமா நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை; முதலில் குனிவாள். கட்டிலடியில் தாறுமாறாகக் கிடக்கும் செருப்புகளை ஒன்றுசேர்த்து, கால் நுழைக்க வாகாக, முனை வெளியே பார்க்கும்படி திருப்பி வைப்பாள். பிறகுதான் பேச்சு. "என்ன ராசா, தூங்குனீங்களா, இல்ல கொறட்ட விட்டே பக்கத்துக் கட்டிலக் காலி பண்ணிட்டீங்களா?"

மனிசாலெஸ் என்ற இந்த மலையூருக்கு நான் பயிற்சி நர்ஸாக வந்த நாளிலிருந்து ஏழு வருடமாக இதைப் பார்க்கிறேன்.

அவள் எங்கள் வார்டின் உதவி நர்ஸ்; ஐம்பத்து நான்கு வயது. மேடேறி மேடேறி இறுகிய கெண்டைக்கால். சூடான வெல்லத் தண்ணீரை நின்றுகொண்டேதான் குடிப்பாள். காப்பிப்பழம் பறிக்கிற வீட்டிலிருந்து முதலில் பட்டம் வாங்கியவள் நான் என்பது அவளுக்குத் தீராத வேடிக்கை. "டாக்டரம்மா, பெட்பேன் கழுவுறது உங்க புத்தகத்துல எத்தனாவது பாடம்?"

நோயாளிகள் ஏன் தவறி விழுகிறார்கள், எப்படித் தடுப்பது என்பது என் மேற்படிப்புக்கான ஆய்வு. ஈரத் தரை, தூக்க மாத்திரை, மங்கிய விளக்கு என்று கட்டம் போட்டு வைத்திருந்தேன். நல்ல பராமரிப்புக்கு உதாரணமாக முன்னுரையில் யோலிமாவின் செருப்புப் பழக்கத்தையும் எழுதியிருந்தேன்.

மார்ச் மாதம் ஒரு காலை, பதினோராம் கட்டில் எவெலியோ விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. எழுபத்தெட்டு வயது விவசாயி. எப்படி விழுந்தார் என்று நானும் யோலிமாவும் போய்க் கேட்டோம். வலியிலும் மரியாதை குறையாமல் யோலிமாவிடம் சொன்னார்:

"பனிமலை தெரியுது, ஒரு நிமிஷத்துல வந்து ஜன்னலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னீங்க சிஸ்டர். செருப்பையும் திருப்பி வெச்சீங்க. கெளம்பி இருன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். ஒரு பொம்பளைய எனக்காகக் காக்க வைக்கலாமா? நானே எந்திரிச்சு ஒரு கால நொழச்சேன்."

பழைய பதிவேடுகளை எடுத்தேன். விழுந்தவர்கள் பத்தொன்பது பேர். பதினான்கு பேருக்கு ஒரு கால் செருப்புக்குள் இருந்திருக்கிறது. அதில் பதினோரு பேர் விழுந்தது யோலிமா பணியில் இருந்தபோது. மூன்று தடவை எண்ணினேன். ஏழு வருடம் பார்த்து ரசித்தேனே, எதைப் பார்த்தேன்?

அந்தக் கணக்கை எழுதிய தாளை இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். பிறகு யோலிமாவிடம் நீட்டினேன். அவள் படித்தாள். கையிலிருந்த வெல்லத் தண்ணீர் ஆறிப்போயிற்று.

"அப்ப நான்தான் தள்ளி விட்டிருக்கேனா?"

"அப்படிச் சொல்ல முடியாதுக்கா. வேற காரணமும் இருக்கலாம். அந்தப் பகுதிய எடுத்துடறேன்."

"எடுத்தே, தொலைச்சுடுவேன். அடுத்த வார்டுலயும் ஒருத்தி ஆசையா திருப்பி வெச்சிட்டிருப்பா. எழுதுடி."

எழுதினேன்.

இப்போது அவள் செருப்புகளை அலமாரிக்குள் வைத்துவிட்டு, அழைப்பு மணியை நோயாளியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடுகிறாள். எவெலியோவை அவர் மகன்கள் நாற்காலியோடு தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று மேகம், மலை தெரியவில்லை. செருப்பை, இனி எதற்கு என்று விட்டுப் போய்விட்டார்.

அது ஜன்னல் விளிம்பில் இருக்கிறது. துடைக்க வருபவர் தினமும் அதை ஓரமாகத் தள்ளிவிடுகிறார். மறுநாள் காலை வந்ததும் யோலிமா அந்த ஒரு ஜோடியை மட்டும், முனை பனிமலையைப் பார்க்கும்படி, திருப்பி வைக்கிறாள்.